பத்தாவது பெண்

…காதில் விழுந்ததைத்தானே எழுதினாள், தன் கையிலிருந்து எதைப் போட்டாள், அப்பா பேர் என்ன என்று கேட்டாள், நைனா என்று அந்தப் பெண் சொன்னாள், நைனா என்று எழுதினாள், கூடவே முஹம்மது என்று ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது, ஒட்டாமல் வெறும் நைனா என்று யாருக்காவது பேர் வைப்பார்களா, காயல்பட்டணத்துப் பக்கம் போனால் தெருவுக்கு நாலு நைனா முஹம்மது இருப்பார்கள், மண்ணடியில்கூடக் கடை வைத்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவருடைய பெண்ணாக இருந்துவிட்டுப் போகட்டுமே, கூடாதா… ஜட்கா ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் அஸ்மத்துன்னிசாவின் தலை கூரைத் தட்டியில் இடித்தது. புர்க்காவுக்கு மேலேயே தடவிவிட்டுக்கொண்டாள். இடிக்கட்டும், இன்னும் நாலு இடி இடித்தாலும் தகும். மண்ணடிக் கடைக்காரர் மகளுக்கு உச்சந்தலையில் முடி ஏன் தேய்ந்திருக்கிறது, எட்டு வயசுக்குள் எத்தனை கூடை மண் சுமந்தால் அப்படித் தேயும்? அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து தெருவை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே சூப்பரின்டென்டென்ட் கோமளம் அம்மாள், மடியில் காகிதக் கட்டு, மூக்கில் கண்ணாடி, குதிரை தடுக்கும்போதெல்லாம் கட்டை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டிக்காரன் பக்கத்தில் ஆயா வேலம்மா. நாலு பேரும் போவது ராயப்பேட்டையில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் நடக்கும் பிள்ளைகள் கோர்ட்டுக்கு. இன்றைக்கு இந்தப் பெண்ணுக்கு உத்தரவு. பதினாறு வயது வரைக்கும் பள்ளிக்கூடத்திலேயே இருக்கலாம் என்று மாஜிஸ்திரேட் ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது, அதற்கப்புறம் யார் எந்த நைனாவைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் சுலபத்தில் அழிக்க முடியாது.

சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். ஊரில் அதற்குக் கோர்ட்டுப் பள்ளிக்கூடம் என்று பேர். போலீசார் தெருவில் கண்டெடுத்த பெண்கள், பிச்சைக்கு விட்ட பெண்கள், கடையில் கை வைத்துப் பிடிபட்ட பெண்கள், எல்லாமாக ஒரு முப்பதுக்குள் இருப்பார்கள். அஸ்மத்துன்னிசா அங்கே உருதுவும் தையலும் சொல்லிக்கொடுத்தாள். பங்குனியில் அறுபத்துமூவர் அன்றைக்கு மயிலாப்பூரே தலையும் தலையுமாக இருந்தது. கோமளம் அம்மாள் சாமி பார்க்கப் போயிருந்தாள், வேலம்மாவும் வாசலை விட்டு வீதி முனைக்கு ஓடிவிட்டாள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு கான்ஸ்டேபிள் இந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். கூட்டத்தில் தப்பிய பெண், எங்கே வீடு என்றால் ஏரி என்கிறது, எந்த ஏரி என்றால் ஏரி என்கிறது, நுங்கம்பாக்கம் ஏரிக்கரையெல்லாம் கேட்டாகிவிட்டது, யாரும் இல்லை. மாம்பலத்து ஏரியைத் தூர்த்து அங்கே புது நகரம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் போய் வருஷக்கணக்காகிறது, தெருவும் பார்க்கும் வந்தாகிவிட்டது, மண் சுமக்கிறவர்கள் வாயில் மட்டும் அது இன்னும் ஏரிதான். கான்ஸ்டேபிள் தண்ணீர் இருக்கிற ஏரியாகத் தேடினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அஸ்மத்துன்னிசாதான் பேனாவை எடுத்தாள். பேர் என்ன? அந்தப் பெண் விக்கிக்கொண்டே வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தது, கான்ஸ்டேபிள் நிஜப் பேரைச் சொல்லு என்று அதட்டினான், நாகூரம்மா என்றது. நாகூர் பீவியா? தலையாட்டியது. அப்பா பேர்? நைனா. நைனா முஹம்மதா? தலையாட்டியது. பசிக்கிறதா? அதற்கும் அதே தலையாட்டல்தான். பயந்த பிள்ளை எதற்குத்தான் தலையாட்டாது, நீ கழுதையா என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருக்கும், அது ஒரு சம்மதமா, அதை வைத்து ஒரு மதத்தை எழுதுவார்களா யாராவது?

ஆனால் நாகூர் என்றால் யாருக்கும் அப்படித்தானே தோன்றும்… யாருக்கும் தோன்றலாம், உனக்குத் தோன்றலாமா? பிள்ளை தங்காத வீட்டில் நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு, பிறந்ததுக்கு நாகூரம்மா, நாகூரான், மஸ்தான் என்று பேர் வைப்பது ஊரெல்லாம் நடப்பதுதான், அதற்குச் சாதி மதம் கிடையாது, ஊரூர்க் குப்பத்திலிருந்து மீர்சாகிப்பேட்டைக்கு மீன் கொண்டுவருகிறவள் பேரே நாகூரம்மாதான், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், அவளிடம் எத்தனை வருஷமாக நெத்திலி வாங்குகிறாய்? நைனா என்றால் இந்தப் பட்டணத்தில் அப்பன் என்று கைக்குழந்தைக்குத் தெரியும். வேலம்மா பால்காரனை நைனா என்பாள், வண்டிக்காரனை நைனா என்பாள், கோபம் வந்தால் பூனையைக்கூட இன்னா நைனா என்பாள். இதையெல்லாம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிற காது அன்றைக்கு ஒரு சாயங்காலம் மட்டும் கெட்டுப்போயிற்றா? கெட்டுப்போகாது என்று எப்படிச் சொல்ல முடியும், அசதி, கோயில் மேளச் சத்தம் வேறு, அழுகிற பிள்ளை, அதட்டுகிற போலீஸ்… இப்படியே மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டு வருகிறாள், சொல்லச் சொல்ல மேளச் சத்தம்தான் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

மேளமும் இல்லை, ஒன்றும் இல்லை, பத்து. பத்துதான் காரணம். அந்த வருஷம் சென்சஸ் எடுத்துப் போன கையோடு எல்லாருக்கும் எண்ணுகிற பைத்தியம் பிடித்திருந்தது. கோமளம் அம்மாளுக்கு அது முன்பே உண்டு. இந்துக்கள் இத்தனை, முகம்மதியர் இத்தனை, கிறிஸ்தவர் இத்தனை, ஆதிதிராவிடர் தனி, தாய்மொழி தனி, அப்பா இல்லாதவர், அம்மா இல்லாதவர், இருவரும் இல்லாதவர், வழிதப்பியவர், திருடியவர், எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் கடைசியில் ஒரே தொகை வரவேண்டும், வந்துவிட்டால் அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வரும் பாருங்கள், பிள்ளை பெற்றவளுக்குக்கூட வராது. மாசியில் மேலேயிருந்து உத்தரவு வந்தது. முகம்மதியப் பெண்கள் பத்துப் பேராவது இருந்தால்தான் உருது வகுப்பு, குறைந்தால் டீச்சர் தேவையில்லை. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பெண்ணை அவள் சித்தி வந்து கூட்டிக்கொண்டு போயிருந்தாள். மிச்சம் ஒன்பது. கோமளம் அம்மாள் அதைச் சொல்லும்போது குரலில் கெடுதி ஒன்றும் இல்லை, அவளுக்கு அது ஒரு கூட்டல் கணக்கு. அஸ்மத்துன்னிசாவுக்கு அது அண்ணன் வலியுல்லாவின் வீடு. கணவர் கலீமுல்லா புத்தகம் கட்டுகிறவர், காசநோயில் போனபின் அந்த வீட்டில் அவளுக்கு ஒரு அறை கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அண்ணி ஜஹீதா சோறு போடும்போது தட்டை வைக்கிற சத்தம் ஒன்று உண்டு. அந்தச் சத்தம் வேலைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து நின்றிருந்தது. பெண்கள் மட்டும் இருக்கிற இடம் என்றுதான் அண்ணன் சம்மதித்தார். அந்த வேலை போனால் வேறு வேலை எங்கே கிடைக்கும், புர்க்காவைப் போட்டுக்கொண்டு எந்தச் சர்க்கார் கச்சேரிப் படியில் ஏறி நிற்பது, தையலாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டதற்கு அதற்கு வேறு ஆள் இருக்கிறது என்று பதில் வந்துவிட்டது. பத்து நாள் அவள் கேட்டதெல்லாம் ஒரு பெண்தான். யா அல்லா, ஒரே ஒரு பெண். கேட்டாள், வந்தது. வந்ததை யாராவது வேண்டாம் என்பார்களா?

சரி, அன்றைக்குத் தெரியாது, வைத்துக்கொள்ளலாம். மறுநாள்? மறுநாள் அந்தப் பெண் தூக்கத்தில் தெலுங்கு பேசியது. கோமளம் அம்மாளுக்கே சந்தேகம் வந்து, என்ன டீச்சர், அவ தெலுங்குன்னா பேசிண்டிருக்கா என்று கேட்டாள். நெல்லூர்ப் பக்கத்து முஸ்லிம்கள் தெலுங்கு பேசுவார்கள் அம்மா என்று இவள் சொன்னாள். சொன்னது பொய்யில்லை, பேசத்தான் பேசுவார்கள். கோமளம் அம்மாள் தாய்மொழிக் கட்டத்தில் தெலுங்கு என்று எழுதி, கூட்டலைத் திருத்தி, சந்தோஷமாக மை ஒற்றினாள். மூன்றாம் நாள் அஸ்மத்துன்னிசா அதைக் குளிக்கவைத்தபோது இடது முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்ததைப் பார்த்தாள், ஒரு தேள், அதற்குக் கீழே நாலு புள்ளி. எந்த முஸ்லிம் வீட்டுப் பெண்ணுக்கு எட்டு வயதில் தேள் குத்துவார்கள்? அந்த வாரமே அவளுக்கு முழுக்கை வைத்து இரண்டு சட்டை தைத்தாள். பெண்பிள்ளைக்கு முழுக்கை நல்லதுதானே என்று ஊசி ஏறும்போது சொல்லிக்கொண்டாள், இறங்கும்போதும் சொல்லிக்கொண்டாள், மற்ற ஒன்பது பெண்களும் அரைக்கையோடுதான் திரிந்தார்கள். அப்புறம் அந்தப் பேர். ஒருநாள் தையல் வகுப்பில் விரலில் ஊசி ஏறிவிட்டது, ரத்தத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், சின்னிக்குக் குத்திடுச்சி டீச்சரம்மா என்று விரலை நீட்டியது. சின்னி யாரு? நான்தான். வீட்டில் சின்னி, நேர்ந்துகொண்டு வைத்த பேர் நாகூரம்மா, அதை வருஷத்துக்கு ஒரு தடவை நாகூர்க் கந்தூரித் திருவிழாவுக்குக் காசு முடிந்துவைக்கும்போதுதான் சொல்வார்களாம். இவள் விரலை வாயில் வைத்து உறிஞ்சினாள். உப்பாக இருந்தது. வேறு யார் காதிலும் விழவில்லை.

முந்தாநாள்… முந்தாநாள்தான் எல்லாம் கெட்டது, அதுவரைக்கும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் சாப்பாடு ஆனபிறகு வேலம்மா சமையல்கட்டில் உட்கார்ந்து வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். காலையில் ஒரு ஆள் வந்தானாம், மண் வெட்டுகிற தெலுங்கு ஒட்டன், கோவணத்துக்கு மேல் ஒரு துண்டு, முகத்தில் தாடி மண்டி, மூன்று மாதமாகப் பொண்ணைக் காணோமாம். “சின்னி கீறாளாம்மா, சின்னி கீறாளாம்மான்னு அதையே சொல்லிக்கினு நிக்கிறான். சின்னின்னு இங்க ஒர்த்தியும் இல்ல போ நைனான்னேன். போக மாட்டேங்கிறான். இன்னா பண்ண சொல்ற?” கோமளம் அம்மாளும் எழுந்து வந்து பார்த்தாளாம், சின்னி என்று ஒரு பேரும் இல்லை, ஒட்டர் சாதியில் ஒரு பெண்ணும் இல்லை, போலீசில் போய்க் கேள் என்று சொல்லிவிட்டாளாம். அவன் போலீசில் நாலு தடவை கேட்டாகிவிட்டதாம், அங்கே துரத்தினார்களாம். பெண்டாட்டி இல்லை. மகளைக் கூலிக்காரப் பெண்களோடு அறுபத்துமூவர் பார்க்க அனுப்பினானாம். மேஸ்திரி மொத்தக் கூட்டத்தையும் வியாழக்கிழமை சாயங்காலம் சேலம் வண்டியில் மேட்டூர் அணைக்கட்டு வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறானாம், வராவிட்டால் இந்த வருஷத்துக் கூலி போச்சாம், அதற்குள் கிடைத்தால் உண்டு. இன்னும் மாம்பலத்தில்தான் குடிசை போட்டிருக்கிறார்களாம். வேலம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அஸ்மத்துன்னிசா கையில் கழுவிய தட்டு இருந்தது, அதை மறுபடி கழுவினாள். பாவம் என்றாள். வேறு என்ன சொன்னாள்? பாவம் என்று மட்டும்தான், அதுவும் அவளுடைய குரல் மாதிரியே இல்லை. பின்கட்டில் அந்தப் பெண் மற்றவர்களோடு அலிஃப் பே சொல்லிக்கொண்டிருந்தது, வகுப்பில் அதுதான் நன்றாகச் சொல்லும், மற்ற ஒன்பதும் அதன் வாயைப் பார்த்துத்தான் சொல்லும்.

இன்றைக்கு வியாழக்கிழமை.

சொல்லியிருக்கலாம், முந்தாநாளே சொல்லியிருக்கலாம், வேலம்மா அவன் தெரு முனையில்தான் நிற்பான், ஓடிப் போய்க் கூப்பிடு என்று ஒரு வார்த்தை. சொன்னால் என்ன ஆகும், டீச்சர் தப்பாக எழுதிவிட்டாள் என்பார்கள், அவ்வளவுதானே? அவ்வளவுதானா? பச்சை குத்தின கையைப் பார்ப்பார்கள், சட்டையைப் பார்ப்பார்கள், உருது எழுத்து எழுதின பலகையைப் பார்ப்பார்கள், டீச்சர் தப்பாக எழுதினாள் என்று சொல்ல மாட்டார்கள், துலுக்க டீச்சர் இந்துப் பெண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டாள் என்பார்கள், மறுநாள் பேப்பரில் வரும், மீர்சாகிப்பேட்டையில் அண்ணன் கடைக்கு முன்னால் நாலு பேர் வந்து நிற்பார்கள், அவள் ஒருத்தி செய்ததற்கு யார் யார் பதில் சொல்வது? போன வருஷம் ஊமைப் பெண் ஒன்று வந்தது, பேர் இல்லை, ஊர் இல்லை, காட்டுவதற்கு ஒரு அடையாளம் இல்லை. கோமளம் அம்மாள் யோசிக்கவே இல்லை, கோமதி என்று எழுதினாள், இந்து என்று எழுதினாள், நெற்றியில் பொட்டு வைத்தாள். அது யார் பெற்ற பிள்ளையோ! அதை ஒருவரும் தப்பு என்று சொல்லவில்லை, அது தப்பு என்று கோமளம் அம்மாளுக்கே தோன்றியிருக்காது. அவளுக்குத் தோன்றாதது எனக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்… நல்ல நியாயம். சாமர்த்தியமான நியாயம். அந்த ஊமைப் பெண்ணைத் தேடிக்கொண்டு எவனும் தாடியோடு வந்து வாசலில் நிற்கவில்லையே. இதற்கு ஒரு பதில் கண்டுபிடி பார்க்கலாம்.

கோர்ட்டு வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். இவர்களுக்கு முன்னால் இரண்டு கேஸ். ஒரு பையன் தேங்காய் திருடியிருந்தான், இன்னொருவன் டிராம் பலகையில் தொற்றிக்கொண்டு போனானாம். வேலம்மா அந்தப் பெண்ணைக் கிணற்றடிக்கு முகம் கழுவக் கூட்டிக்கொண்டு போனாள். கோமளம் அம்மாள் காகிதங்களை இன்னொரு தடவை புரட்டினாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், ஏதோ நினைவு வந்தவளாகத் திரும்பினாள். “டீச்சர், உங்ககிட்டச் சொல்லவே மறந்துட்டேன் பாருங்கோ. வேலூர்ப் பள்ளிக்கூடத்தை மூடிட்டா. அங்கேருந்து நாலு முஸ்லிம் பொண்கள் திங்கக்கிழமை நம்மாத்துக்கு வரா. உங்க கிளாஸ் பதினாலாயிடும். இனிமே ஒருத்தரும் உங்களை அசைக்க முடியாது.” பள்ளிக்கூடத்தை அவள் நம்மாத்து என்றுதான் சொல்வாள். சொல்லிவிட்டு உண்மையிலேயே சந்தோஷமாகச் சிரித்தாள், நல்ல மனுஷி, இந்த ஒரு சேதிக்காக அஸ்மத்துன்னிசா எத்தனை வெள்ளிக்கிழமை கை ஏந்தியிருக்கிறாள் என்று அவளுக்கு எங்கே தெரியும். அல்ஹம்து லில்லாஹ் என்று இவள் வாய் சொல்லிற்று.

பதினாலு. பதினாலில் ஒன்று போனால் பதின்மூன்று, பதின்மூன்றுக்கு வகுப்பு உண்டு, வேலை உண்டு, அண்ணி தட்டை மெதுவாகத்தான் வைப்பாள். அப்படியானால் இப்போது சொல்லலாம். இதோ கோமளம் அம்மாள் பக்கத்தில்தான் இருக்கிறாள், இதைவிட நல்ல நேரம் கிடையாது, அம்மா, நான் ஒரு சந்தேகம் சொல்லவேண்டும், முந்தாநாள் வந்தவன்… சந்தேகம் என்று ஆரம்பித்தால் போதும், மீதியை அவளே கேட்டுக்கொள்வாள், ஊசி குத்தினதே நேற்றுத்தான், அப்போதுதான் அந்தப் பேரைக் கேட்டேன் என்று சொல்லலாம், நாளைக் கொஞ்சம் தள்ளிச் சொன்னால் என்ன, பேப்பரில் வராது, ஒன்றும் வராது, கோமளம் அம்மாளுக்கே அது அவமானம், அவளே மூடிவிடுவாள். வேலம்மாவை ஒரு வண்டி வைத்து மாம்பலத்துக்கு அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். சொல்லு. கிணற்றடியிலிருந்து அந்தப் பெண் ஈர முகத்தோடு ஓடி வந்தது, வந்து இவள் புர்க்கா நுனியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டது, கேட்காமல், யாரும் சொல்லித்தராமல், சொந்த வீட்டுக் கொடியில் தொங்குகிற துணியை இழுத்துத் துடைத்துக்கொள்கிற மாதிரி. சொல்லு என்றால் சொல்லேன். இன்னும் ஒரு கேஸ் இருக்கிறது, அது முடியட்டும். டிராம் பலகைப் பையனை எச்சரித்து விட்டார்கள், அவன் அம்மா அவனை முதுகில் அறைந்துகொண்டே வெளியே வந்தாள். நாகூர் பீவி என்று டவாலிச் சேவகன் கூப்பிட்டான்.

மாஜிஸ்திரேட் வயசானவர், பிள்ளைகளுக்குப் பயம் வரக்கூடாது என்று கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டியிருந்தார். கோமளம் அம்மாள் படித்தாள், வயது சுமார் எட்டு, மதம் முகம்மதியம், தாய்மொழி தெலுங்கு, வழிதப்பியவள், பெற்றோர் தெரியவில்லை, நடத்தை நன்று, படிப்பு மிக நன்று. உறவு என்று யாராவது தேடி வந்தார்களா என்று அவர் கேட்டார். இவளைத் தேடிண்டு ஒருத்தரும் வரலை என்றாள் கோமளம் அம்மாள், அவள் மனசறிந்து பொய் சொல்லவில்லை, சின்னியைத் தேடித்தானே ஒருவன் வந்தான். அஸ்மத்துன்னிசா எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்து, டீச்சர் ஏதாவது சொல்லணுமா என்றார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், அந்தப் பெண்ணும் பார்த்தது. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, சத்தியமாக வந்துவிட்டது. “ஒண்ணுமில்லீங்க” என்றாள். உட்கார்ந்தாள். அவர் அந்தப் பெண்ணை அருகே கூப்பிட்டு, அப்பா பேர் என்னம்மா என்றார். அது இரண்டு கையையும் கட்டிக்கொண்டது, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற அதே ராகத்தில், நைனா முஹம்மது என்று கணீரென்று சொல்லிற்று. சொல்லிவிட்டுத் திரும்பி டீச்சரைப் பார்த்தது. அஸ்மத்துன்னிசா தலையை அசைத்தாள். சரி, நன்றாகச் சொன்னாய் என்று பெண்களுக்கு அசைக்கிற அசைப்பு, பத்து வருஷப் பழக்கம், நினைப்பதற்குள் கழுத்து அசைந்துவிட்டது. பேனா காகிதத்தில் கிறீச்சிட்டது.

திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. இந்துவோ முஸ்லிமோ பதினாறு வயசு வரைக்கும் ஒரு வேளைச் சோத்துக்குக் கவலையில்லை என்று வேலம்மா முன்னாலிருந்து வண்டிக்காரனிடம் பேசிக்கொண்டு வந்தாள். கோமளம் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ கூட்டிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது. இன்னும் நேரம் இருக்கிறது, சேலம் வண்டி சாயங்காலம்தான், உத்தரவு ஆனால் என்ன, உத்தரவை மாற்றுவதற்கு வழி இல்லாமலா இருக்கும், வேலையும் போகாது, பேரும் கெடாது, தடுப்பதற்கு யார் இருக்கிறார்கள், இதோ இந்த முனையில் மேற்கே திருப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் மாம்பலம். வண்டிக்காரன் நேரே ஓட்டினான். வகுப்புக்காக என்றாள், வகுப்பு பிழைத்துக்கொண்டது. சோற்றுக்காக என்றாள், அதுவும் நிச்சயமாகிவிட்டது. ஊர் வாய்க்குப் பயந்து என்றாள், அதை மூடவும் வழி கண்டுபிடித்தாகிவிட்டது. ஒவ்வொன்றாக எல்லாக் காரணங்களும் இறங்கிப் போய்விட்டன, இனி எதைச் சொல்லி அந்தத் தகப்பனை ரயில் ஏற்றுவது? அந்தப் பெண் இவள் தோளில் சாய்ந்துகொண்டது. அப்புறம் மெல்லிய குரலில், கோமளம் அம்மாள் காதில் விழாதபடி கேட்டது.

“டீச்சரம்மா, நைனா முஹம்மதுன்னா யாரு?”

தினம் காலையில் பேர் கூப்பிடும்போது நாகூர் பீவி, அப்பா நைனா முஹம்மது என்று இவளே வாசித்ததுதான், கூடவே ஒப்பித்து ஒப்பித்து அதுவும் ஒரு வாய்பாடு ஆகிவிட்டிருக்கிறது, யார் என்று இதுவரைக்கும் கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. அப்புறம் சொல்றேன் என்றாள். அது சரி என்று கண்ணை மூடிக்கொண்டது. அந்த அப்புறம் இன்றைக்கா, சாயங்கால வண்டி போனபிறகா, பதினாறு வயசுக்கு மேலா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளையின் இடது கையைத் தான் இறுகப் பிடித்திருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது, விரல் பதிந்த இடம் வெளுத்திருந்தது, தளர்த்த வேண்டும் என்று நினைத்தாள், அதற்குள் வண்டி பள்ளிக்கூடச் சந்துக்குள் திரும்பிவிட்டது.